இராமநாதபுரம் கடற்கரையில் சிங்க்ரனஸ் சீரியல் இணைப்பு: யூனிக்ஸ் கணினிகளுக்கான முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் நகரில் அலுவலகமும், மண்டபத்தில் ஐஸ் ஆலையும் இறால் பதப்படுத்தும் கூடமும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு இடங்களுக்கும் நடுவே 64 கிலோபிட் லீஸ்டு லைனோ (வாடகைக்கு எடுத்த தனி வரி), மைக்ரோவேவ் கோபுரம் வழியாக வரும் இ1 சுற்றோ (2048 கிலோபிட் வேகச் சுற்று) ஏற்கெனவே இருக்கிறது. அதன் முனையில் மோடமோ மாற்றியோ அமர்ந்து வி.35 என்ற சிங்க்ரனஸ் சீரியல் வாயைக் கொடுக்கிறது. அந்த வாயில் தனியாக ரவுட்டர் வாங்கி மாட்டாமல், கணக்கும் இருப்பும் ஓடிக்கொண்டிருக்கும் யூனிக்ஸ் கணினியையே நேராக இணைப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். வேகம் குறைவு என்றாலும், இத்தகைய சுற்றில் கிடைக்கும் அலைவரிசை முழுவதும் நமக்கே உரியது, தாமதமும் மாறாது. ஆகவே கையிலிருக்கும் சுற்றைக் கைவிடுவதற்கு முன் அதை ஒழுங்காக இயக்கிப் பார்ப்பதே முறை.

கட்டளைகளையும் அவற்றின் சொற்களையும் இங்கே ஒலிவழியே தமிழில் எழுதியுள்ளேன். கணினியில் இடும்போது அவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.

சாதாரண சீரியல் வாய் ஏன் போதாது

கணினியின் பின்புறம் உள்ள வழக்கமான சீரியல் வாய் அசிங்க்ரனஸ் முறையில் இயங்குவது. அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட்டும் பின்னால் ஒரு நிறுத்த பிட்டும் செல்வதால், 8 பிட் தரவை அனுப்ப 10 பிட் செலவாகிறது. அதாவது வரியின் ஐந்தில் ஒரு பங்கு வீண். சிங்க்ரனஸ் முறையில் இந்த வேலி பிட்டுகள் இல்லை. பிட்டுகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எந்த நொடியில் எந்த பிட்டைப் படிக்க வேண்டும் என்பதைத் தனிக் கம்பியில் வரும் கிளாக் (சீரான நேரத்துடிப்பு) சொல்கிறது.

ஓடும் பிட்டுகளில் ஒரு ஃபிரேம் (ஒன்றாக அனுப்பப்படும் தரவுத் தொகுதி) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஹெச்டிஎல்சி முறை 01111110 என்ற கொடியால் குறிக்கிறது. தரவுக்குள்ளேயே இந்த வடிவம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, தொடர்ந்து ஐந்து 1 வந்தவுடன் அனுப்பும் முனை ஒரு 0-வைச் செருகுகிறது, வாங்கும் முனை அதை நீக்கிவிடுகிறது. ஃபிரேமின் இறுதியில் பிழையைக் கண்டறிய உதவும் 16 பிட் சிஆர்சி எண் வருகிறது. இவையெல்லாம் பிட் அளவில் வன்பொருளே செய்ய வேண்டிய வேலைகள். பழைய சன் கணினிகளில் இருந்த சைலாக் 8530 சிப் இவற்றைச் செய்யும். சாதாரணக் கணினியின் சீரியல் வாயில் உள்ள 16550 வகை சிப் செய்யாது. எனவே லினக்ஸில் இயங்கும் சாதாரணக் கணினிக்குத் தனி சிங்க்ரனஸ் அட்டை அவசியம். மாற்றுக் கேபிளாலோ மென்பொருளாலோ இந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது.

முதல் முடிவு: கிளாக் யாருடையது

இந்த வேலையில் ஏற்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை கிளாக்கிலிருந்து பிறப்பவை என்பது என் உறுதியான கருத்து. முகவரி, ரவுட்டிங், ஃபயர்வால் எதையும் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு முனைகளையும் வரைந்து, கிளாக் எந்தப் பெட்டியில் பிறந்து எந்த வழியே எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதை அம்புக்குறியால் காட்டுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கிளாக் மூலம்தான் இருக்க வேண்டும். மற்ற எல்லாப் பெட்டிகளும் அதைப் பின்பற்ற வேண்டும்.

மோடம் தரப்பை டிசிஇ என்றும் கணினித் தரப்பை டிடிஇ என்றும் அழைப்பார்கள். அனுப்பும் கிளாக், வாங்கும் கிளாக் இரண்டையும் டிசிஇ தருகிறது. டிடிஇ அவற்றை ஏற்கிறது. 25 பின் ஆர்எஸ்-232 கனெக்டரில் 15-ஆம் பின் அனுப்பும் கிளாக், 17-ஆம் பின் வாங்கும் கிளாக், டிடிஇ தானே கிளாக் தரும்போது அது செல்லும் வழி 24-ஆம் பின்.

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுற்று என்றால் கிளாக் வலையிலிருந்தே வரும். இரு முனை மோடங்களும் வரியிலிருந்து கிளாக்கை எடுக்கும்படி அமைத்தால் போதும். சொந்த மைக்ரோவேவ் இணைப்பு என்றால் நிலைமை வேறு. அங்கே கிளாக் தருவதற்கு வலை கிடையாது. எனவே இராமநாதபுரம் முனையை உள் கிளாக்கிலும், மண்டபம் முனையை வரியிலிருந்து எடுக்கும் கிளாக்கிலும் வைக்க வேண்டும். இரு முனைகளையும் உள் கிளாக்கில் வைத்தாலும் இணைப்பு வந்துவிடும், மறுமுனைக்குச் சோதனைப் பாக்கெட் அனுப்பும் பிங்கும் பதில் தரும். ஆனால் அது நிலைக்காது. இ1 கிளாக்குக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் பத்து லட்சத்துக்கு 50. இரு கிளாக்குகளுக்கும் இடையே அந்த அளவு வேறுபாடு இருந்தால், 2048 கிலோபிட் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 102 பிட் முந்தும் அல்லது பிந்தும். 256 பிட் கொண்ட ஓர் இ1 ஃபிரேம் இரண்டரை நொடிக்கு ஒருமுறை தொலையும் அல்லது இரட்டிக்கும். அந்த நேரத்தில் கடந்துகொண்டிருந்த பாக்கெட் சிஆர்சி பிழையாக விழும். சீரான இடைவெளியில் வரும் சிஆர்சி பிழையைக் கண்டால் கேபிளைச் சந்தேகிப்பதற்கு முன் கிளாக்கைப் பாருங்கள்.

லினக்ஸில் கிளாக்குக்கு நான்கு நிலைகள் உண்டு. 'எக்ஸ்ட்' என்றால் இரு கிளாக்குகளும் வெளியிலிருந்து வருகின்றன. மோடத்தோடு இணைக்கும்போது இதுவே பொருத்தம். 'இன்ட்' என்றால் இரண்டையும் அட்டையே உண்டாக்குகிறது. மேசைமேல் இரு கணினிகளை நேருக்கு நேர் கேபிளால் இணைத்துச் சோதிக்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் இது வேண்டும். 'டிஎக்ஸ்இன்ட்' நிலையில் வாங்கும் கிளாக் வெளியிலிருந்தும் அனுப்பும் கிளாக் உள்ளிருந்தும் வருகின்றன. 'டிஎக்ஸ்ஃப்ரம்ஆர்எக்ஸ்' நிலையில் வாங்கும் கிளாக்கையே அனுப்பவும் பயன்படுத்துகிறது.

நீளமான கேபிளில் ஒளிந்திருக்கும் சிக்கல்

கோபுர அறை ஒரு கட்டடத்திலும் கணினி அறை மற்றொன்றிலும் இருக்கும் இடங்களில் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பும் கிளாக் மோடத்திலிருந்து புறப்பட்டுக் கேபிள் வழியே கணினிக்கு வருகிறது. கணினி அந்தத் துடிப்புக்கு ஏற்ப ஒரு பிட்டை வெளியிடுகிறது. அந்த பிட் மீண்டும் அதே கேபிள் வழியே மோடத்துக்குப் போகிறது. மோடமோ தன்னுடைய சொந்தக் கிளாக்கின் விளிம்பில்தான் அந்த பிட்டைப் படிக்கிறது. கேபிளில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோநொடி தாமதம் என்று கொண்டால், 25 மீட்டர் கேபிளில் போய்வர 250 நானோநொடி ஆகிறது. 2048 கிலோபிட் வேகத்தில் ஒரு பிட்டின் மொத்த ஆயுள் 488 நானோநொடி. அதாவது பிட் ஏறத்தாழப் பாதி அளவு பிந்தி வந்து, மோடம் படிக்கும் தருணத்திலேயே மாறிக்கொண்டிருக்கிறது. சிப்புகளின் தாமதமும் சேர்வதால், இதைவிடக் குறைந்த நீளத்திலேயே தொல்லை தொடங்கிவிடும்.

இதன் அடையாளம் தெளிவானது: நாம் வாங்குவதில் பிழை இருக்காது, நாம் அனுப்புவதை மட்டும் மறுமுனை பிழையென்று எண்ணும். தீர்வுகள் இரண்டு. அட்டையிலோ மோடத்திலோ அனுப்பும் கிளாக்கைத் தலைகீழாக்கும் வசதி இருந்தால் அதை மாற்றலாம். அதைவிடச் சிறந்தது, கணினி தான் பெற்ற கிளாக்கைத் தரவுடன் சேர்த்தே மோடத்துக்குத் திருப்பி அனுப்புவது. கிளாக்கும் தரவும் ஒன்றாகப் பயணிப்பதால் கேபிளின் நீளம் பொருட்டாகாது. 64 கிலோபிட் சுற்றில் ஒரு பிட்டின் ஆயுள் 15 மைக்ரோநொடிக்கும் மேல் என்பதால் இந்தக் கவலை தேவையில்லை.

கேபிளும் கனெக்டரும்

இத்தகைய வாய்களுக்கு வெவ்வேறு தரங்கள் உண்டு: வி.35-க்கு 34 பின் கொண்ட செவ்வகக் கனெக்டர், எக்ஸ்.21-க்கு 15 பின், ஆர்எஸ்-449-க்கு 37 பின், இஐஏ-530-க்கு 25 பின். வி.35 பரிந்துரை 1988-இலேயே திரும்பப் பெறப்பட்டாலும் அதன் கனெக்டர் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. எக்ஸ்.21-இல் இரு திசைக்கும் சேர்த்து ஒரே கிளாக்தான் உண்டு. அதுவும் டிசிஇ தருவதே. வி.35-இல் தரவும் கிளாக்கும் இரட்டைக் கம்பிகளில் செல்கின்றன, கட்டுப்பாட்டுச் சைகைகள் மட்டும் ஒற்றைக் கம்பியில் செல்கின்றன. ஆதலால் இரு கட்டடங்களின் எர்த் மட்டம் வேறுபட்டால் முதலில் தடுமாறுவது, வரி கிடைத்திருப்பதை மோடம் சொல்லும் கேரியர் சைகைதான். கேபிளை அட்டைத் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குவது நல்லது. ஜோடிக் கம்பிகளை மாற்றிக் கோத்த கேபிள் குறைந்த வேகத்தில் இயங்குவதுபோல் தோன்றி, வேகம் கூடும்போது கைவிடும்.

அட்டை, டிரைவர், நெறிமுறை

லினக்ஸ் கெர்னலில் பொது ஹெச்டிஎல்சி அடுக்கு ஒன்று இருக்கிறது. அட்டைக்குரிய டிரைவர் கீழேயும், நெறிமுறைக்குரிய மாட்யூல் மேலேயும் அமைகின்றன. ஃபார்சிங்க் என்ற சிங்க்ரனஸ் அட்டைகளுக்கான டிரைவரை ஏற்றியவுடன் 'ஹெச்டிஎல்சி0' என்ற இடைமுகம் தோன்றும். அமைப்புகளை எல்லாம் 'செட்ஹெச்டிஎல்சி' என்ற கருவியால் செய்ய வேண்டும். இடைமுகம் இயங்கிக்கொண்டிருக்கும்போது நெறிமுறையை மாற்றக் கெர்னல் மறுத்துவிடும். எனவே முதலில் அதை இறக்கி வையுங்கள்.

முதல் கட்டளை வன்பொருளுக்கானது: 'செட்ஹெச்டிஎல்சி ஹெச்டிஎல்சி0 வி35 கிளாக் எக்ஸ்ட்'. கிளாக்கை நாமே தரும் பக்கத்தில் மட்டும் 'கிளாக் இன்ட்' என்பதோடு 'ரேட் 64000' என்று வேகத்தையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது கட்டளை நெறிமுறைக்கானது. மறுமுனையில் சிஸ்கோ ரவுட்டரோ அதற்கு ஒத்ததோ இருந்தால் 'செட்ஹெச்டிஎல்சி ஹெச்டிஎல்சி0 சிஸ்கோ இன்டர்வல் 10 டைம்அவுட் 25' என்று இடலாம். ஒவ்வொரு 10 நொடிக்கும் இரு முனைகளும் தாம் உயிரோடு இருப்பதைச் சொல்லிக்கொள்ளும், 25 நொடி மௌனம் நீடித்தால் இணைப்பு விழுந்ததாகக் கொள்ளப்படும். இந்த இடைவெளியை இரு முனையிலும் ஒன்றாக வையுங்கள். பல நிறுவனங்களின் கருவிகள் கலந்திருக்கும் இடத்தில் பிபிபி என்ற பொது நெறிமுறை மேலானது. ஆனால் கெர்னலின் உள்ளேயே அமைந்த பிபிபி எளிமையானது, கடவுச்சொல் சோதனை அதில் இல்லை, முகவரிகளையும் நாமே கைப்பட இட வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனம் ஃபிரேம் ரிலே சுற்று (ஒரே வரியில் பல மெய்நிகர் சுற்றுகளைத் தரும் சேவை) தந்திருந்தால் 'எஃப்ஆர்' நெறிமுறையைத் தேர்ந்து, எல்எம்ஐ (சுற்றின் நிலையைத் தெரிவிக்கும் சைகை) வகையை அவர்களிடம் கேட்டு ஆன்சி அல்லது சிசிஐடிடி என அமைத்து, சுற்றின் எண்ணைக் கொண்டு 'கிரியேட் 99' என்பதுபோல் துணை இடைமுகத்தை உருவாக்க வேண்டும். ஐபி முகவரி அந்தத் துணை இடைமுகத்துக்குத்தான், ஹெச்டிஎல்சி0-க்கு அன்று. வெறும் ஹெச்டிஎல்சி நெறிமுறையில் உயிர்ச்சைகை எதுவும் இல்லாததால் அதைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்வது என் பரிந்துரை.

ஃப்ரீபிஎஸ்டியில் வழி வேறு. அங்கே விசில் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தில் உருவான நெட்கிராஃப் என்ற அமைப்பில், டிரைவரின் கணுவை 'என்ஜி_சிஸ்கோ' கணுவின் 'டவுன்ஸ்ட்ரீம்' கொக்கியோடும், அதன் 'ஐநெட்' கொக்கியை 'என்ஜி_ஐஃபேஸ்' கணுவோடும் 'என்ஜிசிடிஎல்' கருவியால் கோக்க வேண்டும். எந்தக் கணு எதோடு சேர்கிறது என்பது கண்ணெதிரே தெரிவதால் இந்த முறையைக் கற்பது எளிது. சோலாரிஸில் கிளாக்கையும் வேகத்தையும் 'சிங்க்இனிட்' அமைக்கிறது, 'சிங்க்ஸ்டாட்' எண்ணிக்கைகளைக் காட்டுகிறது, 'சிங்க்லூப்' சோதிக்கிறது.

மூன்றாவது படி முகவரி. இது இரு புள்ளிகளுக்கு இடையிலான இணைப்பு என்பதால் 30 பிட் முகமூடி போதும். 31 பிட்டும் ஏற்றதே. இராமநாதபுரத்துக்கு 10.20.0.1 என்றும் மண்டபத்துக்கு 10.20.0.2 என்றும் கொண்டால், முதல் கணினியில் தன் முகவரியையும் 'பியர்' என்ற சொல்லோடு மறுமுனையின் முகவரியையும் இட்டு, இடைமுகத்தை ஏற்றி, மண்டபத்தின் உள்வலைக்கு 10.20.0.2 வழியாக ரூட் சேர்க்க வேண்டும். பாக்கெட்டுகளை முன்னனுப்பும் வசதியை இரு கணினிகளிலும் திறந்து வையுங்கள்.

அருகிலிருந்து தொலைவு நோக்கிச் சோதித்தல்

இணைப்பு வரவில்லை என்றால் மண்டபத்துக்கு வண்டி ஏறுவதற்கு முன், லூப் சோதனையை (அனுப்பியதையே திருப்பி வாங்கிப் பார்ப்பதை) அருகிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகத் தொலைவுக்கு நகர்த்துங்கள். முதலில் அட்டையின் உள்லூப். அதற்கு வன்பொருள் கட்டளையோடு 'லூப்பேக்' என்று சேர்த்தால் போதும். பிறகு நம் மோடத்தின் லூப், அதன்பின் மறுமுனை மோடத்தின் லூப். சிங்க்லூப்பின் சோதனை வகைகளும் இதே வரிசையில்தான் அமைந்திருக்கின்றன: உள்சோதனை, லூப் பிளக் சோதனை, மோடம் லூப் சோதனை. லூப் இருக்கும்போது சிஸ்கோ ஹெச்டிஎல்சி தன் வரிசை எண்ணே திரும்பி வருவதைக் கண்டும், பிபிபி தன்னை அடையாளம் காட்டும் மேஜிக் எண் திரும்பி வருவதைக் கண்டும் சுற்று மடங்கியிருப்பதை உணர்ந்துகொள்ளக் கூடும். ஆகவே அந்த நேரத்தில் நெறிமுறையை வெறும் ஹெச்டிஎல்சிக்கு மாற்றி, அனுப்பிய ஃபிரேம்களும் வாங்கிய ஃபிரேம்களும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

சுற்று முழுவதும் இயங்கத் தொடங்கியபின் செய்ய வேண்டிய பிங் சோதனை பலர் அறியாதது. பிங்கின் தரவு அளவை 1472 என வைத்தால் ஐபி பாக்கெட் சரியாக 1500 பைட் ஆகும். 64 கிலோபிட் சுற்றில் ஹெச்டிஎல்சி தலைப்பையும் சேர்த்து அது ஒரு திசையில் கடக்க ஏறத்தாழ 188 மில்லிநொடி, போய்வர 377 மில்லிநொடி ஆகும். இதைவிடப் பெரிதும் கூடினால் வரிசையில் வேறு போக்குவரத்து நிற்கிறது, அல்லது சுற்றின் வேகமே சொன்னதைவிடக் குறைவு.

அடுத்து, பிங்குக்குத் தரவு வடிவத்தைக் கொடுங்கள். முதலில் எல்லாம் 0. இது மட்டும் தொலைந்து மற்றவை போய்ச் சேர்ந்தால், இ1-இன் ஒரு முனை ஹெச்டிபி3 முறையிலும் மறுமுனை ஏஎம்ஐ முறையிலும் இருக்க வாய்ப்பு மிகுதி. நீண்ட 0 வரிசையில் ஹெச்டிபி3 துடிப்புகளைச் செருகும், ஏஎம்ஐ செருகாது; துடிப்பே இல்லாததால் வாங்கும் முனை கிளாக்கை இழந்துவிடுகிறது. பிறகு எல்லாம் 1, அதாவது பதினாறடிமானத்தில் எஃப்எஃப். இப்போது அதே அளவு பிங் போய்வர 450 மில்லிநொடி ஆவதைக் காண்பீர்கள். இது பழுது அன்று. ஐந்து 1-க்கு ஒரு 0 செருகப்படுவதால் 1472 பைட் தரவில் ஏறத்தாழ 2350 பிட் கூடுகிறது, ஒவ்வொரு திசையிலும் 37 மில்லிநொடி கூடுதலாகிறது. இரண்டு வடிவங்களுக்கும் இடையே இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரிந்தால், கீழே உண்மையான பிட் செருகல் முறை இயங்குகிறது என்பதற்கு அதுவே சான்று.

எண்ணிக்கைகளைப் படித்தல்

சிஆர்சி பிழை சீராக வந்தால் கிளாக், கொத்தாக வந்தால் மைக்ரோவேவ் பாதையோ மின்னலோ. 'ஓவர்ரன்' என்றால் வந்த பைட்டுகளைக் கணினி உரிய நேரத்தில் எடுக்கவில்லை. 'அண்டர்ரன்' என்றால் ஃபிரேமின் நடுவே அனுப்ப வேண்டிய பைட்டைக் கணினி தரவில்லை. இவ்விரண்டும் நம் அட்டையையும் கணினியையும் சார்ந்தவை, சுற்றின்மேல் பழி போடக் கூடாது. 'அபார்ட்' என்பது ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட 1 தொடர்ந்து வந்ததைக் குறிக்கிறது; வரி அறுந்து கம்பி 1 நிலையிலேயே நின்றுவிட்டால் இதுவே மிகும்.

சிஸ்கோ ஹெச்டிஎல்சியில் இணைப்பு ஒருதலையாக இருக்கிறதா என்பதை, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் 'டிசிபிடம்ப்' கருவி சொல்லும். உயிர்ச்சைகை ஒவ்வொன்றிலும் 'மைன்சீன்', 'யுவர்சீன்' என்று இரு எண்கள் இருக்கும். மறுமுனையின் முதல் எண் கூடிக்கொண்டே வந்தும், அது நம்மிடமிருந்து பார்த்ததாகச் சொல்லும் இரண்டாவது எண் நகராமல் நின்றால், நாம் அனுப்புவது அங்கே சேரவில்லை. அப்போது நீளமான கேபிள் பற்றி மேலே சொன்ன பகுதிக்குத் திரும்புங்கள்.

உப்புக்காற்றும் மின்னலும்

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் நிற்கும் மண்டபத்திலும், பாம்பன் பாலத்துக்கு அப்பால் இராமேசுவரம் தீவிலும் கச்சான் காற்றோ வாடைக் காற்றோ எது அடித்தாலும் உப்பு உள்ளே வரும். வி.35 கனெக்டரின் பின்களில் பச்சை படரத் தொடங்கும்போது முதலில் பழுதாவது கட்டுப்பாட்டுச் சைகைகள். கேரியர் விழுந்து எழுந்துகொண்டிருக்கும், தரவில் பிழையே இருக்காது. பொன்முலாம் பூசிய பின்கள் கொண்ட கேபிளைத் தேர்ந்து, கனெக்டரின் இரு திருகுகளையும் முழுவதும் இறுக்கி, கணினி அறையின் சன்னலை மூடியே வையுங்கள். கடற்பரப்பைக் கடந்து செல்லும் மைக்ரோவேவ் பாதையில் நீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் நேரலையும் மோதுவதால், ஓதம் ஏறி இறங்கும் பொழுதுகளில் பிழை கொத்தாக வரலாம். பிழை எண்ணிக்கையை மணிக்கொருமுறை நேரத்தோடு பதிந்துவைத்தால் இந்த ஒழுங்கு தெரியும், கோபுர உரிமையாளரிடம் பேசவும் அது உதவும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் மின்னல் பெரும் ஆபத்து. வரி உள்ளே நுழையும் இடத்தில் வாயுக்குழாய் வகை சர்ஜ் தடுப்பானைப் பொருத்தி, மோடம், கணினி, யுபிஎஸ் மூன்றையும் ஒரே எர்த்தோடு இணைக்க வேண்டும். கேபிளை அவிழ்த்துத் துடைக்கவும் லூப் சோதனைகளை மறுபடி செய்யவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே ஏற்றது. விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஐஸ் ஆலையிலிருந்து வரும் போக்குவரத்து அப்போது குறைந்திருக்கும்.

மின்தடைக்குப்பின் கணினி மோடத்துக்கு முன்பே எழுந்துவிடும். வன்பொருள், நெறிமுறை, முகவரி என்ற அதே வரிசையில் கட்டளைகளைத் தொடக்க ஸ்கிரிப்டில் எழுதிவைத்திருந்தால், மோடம் வரியைப் பிடித்தபின் உயிர்ச்சைகை தானாகவே இணைப்பை உயர்த்திவிடும். அந்த ஓரிரு நிமிடங்களில் இடைமுகத்தை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்று இரவுப் பணியில் இருப்பவரிடம் சொல்லி, எந்த முனை கிளாக் தருகிறது என்பதைக் கேபிளின் மேலேயே சீட்டெழுதி ஒட்டிவையுங்கள்.